முனகாத தூண்

அல்லாஹ்மீது ஆணை, இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. பொய்யென்றால் கபுருக்குழிக்குள் என் வாயைத் துரு அடைக்கட்டும்.

துனிசிய எல்லையோர இரும்புச் சுரங்கத்தில் தூண் பார்ப்பவன் லமீன். காலையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு நிற்பார்கள். கூரையைத் தாங்கும் பைன் மரத்தூண்களில் அவன் ஒவ்வொன்றாகக் காதை வைப்பான். பாரம் மிஞ்சினால் மரம் முறிவதற்கு முன் முனகும். முனகல் இல்லையென்றால், "பிஸ்மி சொல்லி உள்ள போங்கடா" என்பான். முதல் ஆளாகப் போவது அவன் தம்பி புஸீத்.

கீழ்த்தளத்தில் ஓயாமல் தண்ணீர் சொட்டும். ஒரு குளிர்காலத்தில் அங்கே தூண்களில் பஞ்சு மாதிரிப் பூஞ்சை பிடித்தது. தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு அதன் நூல்களில் ஒட்டி ஒட்டிக் கெட்டியானது. பஞ்சு மஞ்சளாகி, பிறகு செங்காவியாகி, மரத்துக்குள்ளும் இறங்கியது. வசந்தம் வருவதற்குள் மரம் போய் இரும்புக்கல் நின்றது. கோடரி பட்டால் பொறி பறந்தது. யாரோ மறந்துவைத்த வாற்கோதுமை ரொட்டியைச் சம்மட்டியால் உடைக்க வேண்டியிருந்தது. அங்கே சாய்ந்து தூங்கிய கெமைஸின் மரக்காலும் தாதுவாகிவிட்டது; அவன் வீட்டுக்குப் போகிற வழியில் அதன் பாரம் தாங்காமல் ஓடைப்பாலம் உடைந்தது.

"மரத்த நட்டோம், இரும்பு வெளஞ்சிருக்கு," என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார் மேஸ்திரி ஸி தாஹர். "இனி தூணே மாத்த வேணாம்டா லமீன்."

"அப்ப எங்கண்ணனுக்கு வேல போச்சு," என்றான் புஸீத். "இனி என் குறட்டைக்குத்தான் காது குடுக்கணும்."

"வாய மூடுடா கழுத. கேக்க விடு."

லமீன் கேட்டான். இப்படியொரு அமைதியான தளத்தை அவன் கேட்டதே இல்லை. நிம்மதியாகத் தலையசைத்தான். "பிஸ்மி சொல்லிப் போடா."

கல் முனகாது. தாங்குகிறவரை தாங்கும், பிறகு கண்ணாடி போல நொறுங்கிப் போய்விடும். அடுத்த தூணில் காது வைத்திருந்தபோதே லமீனின் முன்னால் தளம் மூடிக்கொண்டது.

"அண்ணே, நீதான நல்லாருக்குன்ன?" என்று இடிபாட்டுக்கு அப்பாலிருந்து புஸீத்தின் குரல் வந்தது.

"நாந்தான்டா. பேசிக்கிட்டே இரு, தோண்டிக்கிட்டிருக்கோம்."

நகம் பிய்யத் தோண்டினான். குரல் மெலிந்து இருமலானது. பிறகு சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது.

ஆட்கள் அவனிடம் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை அவனை எட்டியிருந்தது. மண்வெட்டி பட்ட இடம் கணீரென்றது. புஸீத் கையை முன்னே நீட்டியபடி சிவப்புக் கல்லாகக் கிடந்தான். சந்தூக்குப் பெட்டியை எட்டுப் பேர் தூக்கியும் அடிப்பலகை பிளந்தது. மேஸ்திரி குனிந்து அந்தக் கையை உற்றுப் பார்த்தார்.

"நல்ல தாது..." என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். லமீன் அவரை அடிக்கவில்லை. தம்பியின் விரல்களில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

உள்ளபடி சொன்னால், அந்தச் சுரங்கம் திறந்தவெளிக் குழி; அதற்குக் கூரை இருந்ததே இல்லை. என் வாயில் இப்போதே துரு கரிக்கிறது.