மூளிப் பல்

கையில் கண்ணாடியைக் கொடுத்து, "சிரிங்க பெரியவரே" என்றாள் பல் டாக்டர்.

பெனாட் சிரிக்கவில்லை. வந்த வேலை அதுவல்ல. புதுப் பல்செட்டை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்தார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு ஊதினார். காற்றுதான் வந்தது, கூடவே எச்சிலும்.

"எடுத்தவுடனே எல்லாம் வராது. ஒரு வாரம் பழகணும்."

"சனிக்கிழமை ஆடு மலையேறுது. உன் வாரத்துக்காக மலையில புல்லு காத்திருக்குமா?"

அவள் ஒரு மடிப்புத் தாளை நீட்டினாள். போன பல்லுக்கு வேறு பல் வைத்துக்கொண்டால் என்னென்ன நன்மை என்று படம் போட்டிருந்தது. நன்றாக மெல்லலாம், பேச்சு தெளியும், கன்னம் ஒட்டாது, பக்கத்துப் பல் சாயாது. எழுத்துக் கூட்டிக் கடைசி வரை படித்தார். சீட்டியடிப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. மடித்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டார். தொப்பி கொஞ்ச நாளாகவே தளர்ந்து கிடந்தது, அதற்காவது உதவட்டும்.

நவம்பரில் ஒரு கிடா பட்டிக் கதவோடு சேர்த்து அவரை முட்டியதில் மேல்வரிசை முன்பல் நான்கும் போயின. எழுபத்திநாலு வயதில் பல் இருந்தால் என்ன, போனால் என்ன, சூப்பு இருக்கிறது என்று குளிர்காலத்தை ஓட்டிவிட்டார். பல் டாக்டர்கள் நல்ல பல்லையும் பிடுங்கிவிட்டுப் புதுசு விற்கிறவர்கள் என்பது அவருடைய தீர்மானம். பனி உருகி ஆட்டை வெளியே விட்டபோதுதான் போனது வெறும் பல் இல்லை என்று தெரிந்தது. அரை மைலுக்கு அப்பால் நிற்கிற நாய்க்குக் கையை ஆட்டினால் என்ன தெரியும்? பெல்சா என்கிற அந்தக் கறுப்பு நாய் குட்டியிலிருந்தே அவர் சீட்டிக்குப் பழகியது. நீளமாக இழுத்தால் இடப்பக்கம் சுற்றும். ஏற்றி இழுத்தால் வலப்பக்கம். சுருக்கென்று ஒன்று வெட்டினால் நின்ற இடத்தில் படுத்துவிடும். ஏப்ரலில் இவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, அது எட்டு ஆடுகளை ஓடைச் சரிவில் இறக்கிவிட்டது. மூன்று செத்தன.

மகள் மைத்தே அன்றைக்கே சொல்லிவிட்டாள். "இந்த வருஷம் மலைக்கு வேற நாய்தான்ப்பா. டவுன்ல கடை வச்சிருக்கிற கார்ல் பெல்சாவைக் கேக்குறான். கடை வாசல்ல கட்டிப் போட்டுக்குவானாம்."

"அதைக் கட்டிப் போடுறதா?"

"கூப்பிட்டா வராத நாயை வேற என்ன பண்றது?"

"கூப்பிட முடியாதவன் நான். என்னைக் கட்டிப் போடு."

அதனால்தான் பல்செட்டு. அன்று மாலை மைத்தே எலும்போடு கறி வறுத்து வைத்தாள். நாலு துண்டு தின்றார். ஆறு மாதம் கழித்துக் கறியைக் கடித்து இழுத்ததில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, பழியை மிளகின் மேல் போட்டார்.

"நீங்க பேசுறது இன்னிக்குத்தான் புரியுதுப்பா."

"புரியாத வரைக்கும் நிம்மதியா இருந்தே."

புதன்கிழமை சீட்டி வந்தது. சத்தத்துக்குக் குறைவில்லை. மேய்ச்சல் வெளியில் நின்று நீளமாக இழுத்தார். பெல்சா படுத்தது. ஏற்றி இழுத்தார். எழுந்த நாய் திரும்பவும் படுத்தது. எதை ஊதினாலும் படுத்தது. ஒவ்வொரு முறையும், நான் சரியாகத்தானே செய்கிறேன் என்று அவரையே பார்த்தது. தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மைத்தே கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாக்குதான் கண்டுபிடித்தது. அது எதையோ தேடித் தேடி ஒரே இடத்துக்குப் போய் ஏமாந்து திரும்பிக்கொண்டிருந்தது. இருபது வயதில் வேலிக் கம்பத்து ஆணியைப் பல்லால் பிடுங்கப் போய் முன்பல்லின் ஒரு மூலை தெறித்துவிட்டது. ஐம்பது வருடச் சீட்டியில் காற்று அந்த மூளி வழியாகத்தான் கசிந்து, சத்தத்தைத் தணித்து வெளியே போனது. புதுப் பல்லில் மூளி இல்லை. வரிசை சுவர் மாதிரி இருந்தது, சத்தம் ஊசி மாதிரி வந்தது. நாய்க்கு எல்லாமே படுக்கச் சொல்கிற வெட்டாகத்தான் கேட்டது.

டாக்டருக்குப் போன் போட்டார். "என் பல்லுல ஒரு மூளி இருந்துச்சு. அதை வச்சுக் குடு."

"அதை அடைக்கத்தான் ஜனங்க என்கிட்ட வர்றாங்க பெரியவரே. அடுத்த மாசம் வாங்க, பார்க்கலாம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டகையில் பல்செட்டைத் துணியில் சுற்றி, மேசையில் பொருத்திய இடுக்கியில் வைத்தார். துணி போதவில்லை. தொப்பிக்குள்ளிருந்த தாளை எடுத்து, நன்மைகள் எல்லாவற்றையும் நாலாக மடித்து அண்டக் கொடுத்தார். கம்பளிக் கத்திரியைத் தீட்டுகிற மெல்லிய அரத்தை எடுத்தார்.

வாசலில் மைத்தே நின்றாள். "உடைஞ்சா மறுபடி சூப்புதான்."

"உடையட்டும்."

இரண்டு இழுப்பு இழுத்தார், வாயில் போட்டு நாக்கால் பார்த்தார், மறுபடி இடுக்கியில் வைத்தார். எட்டுத் தடவை இப்படி. எட்டாவது தடவை நாக்கு அங்கேயே நின்றது.

சனிக்கிழமை காலை பிக்ஹார்ன் மலை மேல் மேகம் ஒட்டிக் கிடந்தது. எண்ணூறு ஆடுகளும் அடிவாரத்தில் பரவி நின்றன. மைத்தேயின் வண்டியில் பக்கத்துப் பண்ணைக்காரனின் நாய் நாக்கைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது.

"ஒரே ஒரு தரம்ப்பா. படுத்துச்சுன்னா கார்லுக்குச் சொல்லிடுவேன்."

பெனாட் விரலை வைத்து நீளமாக இழுத்தார். தூரத்தில் பெல்சாவின் பின்னங்கால் மடங்கியது. புல்லில் வயிறு படும் முன் அப்படியே நின்றது. ஒரு காது நிமிர்ந்தது. பிறகு மெல்ல எழுந்து, ஒரு முன்காலைத் தரையில் ஊன்றாமல் மடித்து வைத்துக்கொண்டு, அவர் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தது.

பெனாட் வாயிலிருந்து விரலை எடுக்கவில்லை. மூச்சு முட்டியது. மூளி வழியாகக் காற்று இன்னும் போய்க்கொண்டிருந்தது.