கறுப்புக் குதிரையின் லாடம்

கண்டிக்குப் போகும் வழியில், கடுகண்ணாவை ஏற்றத்தில், ரயில் பாதைக்கு மேலே, ஒரு பழைய களஞ்சியத்தில் நடந்துவந்த குதிரைக் காப்பகத்தில் குதிரைகள் மூன்று. நிர்வாக சபையில் ஆட்கள் பதினொருவர். குதிரைகளுக்குக் கூட்டம் எதுவும் கிடையாது என்பதால் அவை ஒற்றுமையாக இருந்தன.

மூன்றில் இரண்டு மண்ணிறக் குட்டைக் குதிரைகள். நுவரெலியாவில் சுற்றுலா வந்த பிள்ளைகளைச் சுமந்து சுமந்து ஓய்ந்தவை. அவற்றை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மூன்றாவது, சுல்தான். பந்தயத்தில் ஒருமுறைகூட வெல்லாத குதிரை. ஆனால் நெற்றியிலிருந்து வால்வரை ஒரே கறுப்பு. அதுதான் அதற்கு வந்த வினை.

பராமரிப்பு மஸீனாவின் பொறுப்பு. காலையில் வந்ததும் ஈர மரத்தூளை அள்ளிக் கொட்டுவாள், கினிப்புல் வெட்டிப் போடுவாள், ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிக் கொக்கியால் அழுக்கெடுப்பாள். சுல்தானின் முன்கால்களை மட்டும் மெல்ல, பார்த்துப் பார்த்துத் தூக்குவாள். ஆணியடித்து ஆணியடித்துக் குளம்பின் ஓரம் நனைந்த பிஸ்கட்டைப் போல உதிர்ந்திருந்தது.

ஓய்வெடுக்க வந்த குதிரைக்கு லாடம் எதற்கு என்று கேட்கலாம். கழற்றுவதற்குத்தான்.

சுல்தான் வந்த புதிதில் மிருக வைத்தியர் சந்திரிகா அதன் பழைய லாடங்களைக் கழற்றச் சொன்னார். அவற்றில் ஒன்றைக் காப்பகத் தலைவர் சுந்தரலிங்கம் பிலிமத்தலாவையில் இருந்த தன் இரும்புக்கடை வாசலில் மாட்டினார். கறுப்புக் குதிரையின் லாடம் சனி தோஷத்தைப் போக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அதே மாதம் பஸ் நிறுத்தம் அவருடைய கடைக்கு முன்னால் மாறியது. வியாபாரம் ஏறியது பஸ்ஸால் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதன்பின் நன்கொடை தந்தவர்கள் எல்லாரும் ரசீதை விட்டுவிட்டு லாடம் கேட்டார்கள். கடையில் வாங்கிய லாடம் பலிக்காது. குதிரை போட்டு நடந்திருக்க வேண்டும். ஆகவே பன்விலவிலிருந்து லாடக்காரர் காளிமுத்து வந்து சுல்தானுக்குப் புது லாடம் அடிப்பார். அது முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றும். உடனே கழற்றி, மஞ்சள் நீரில் கழுவி, பெட்டியில் வைப்பார்கள். துணிக்கடைப் பளீல் ஹாஜியார்கூட வந்தார்.

“எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்ல மகள். சும்மா சுவருக்கு அழகா ஈக்கும்” என்றார். இரண்டு எடுத்துப் போனார்.

ஆறு மாதத்துக்கு லாடம் கூடாது என்று சந்திரிகா எழுதிக் கொடுத்தார். சபை அதை நன்றியோடு ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. மறுவாரமே காளிமுத்து பெட்டியோடு வந்து நின்றபோது மஸீனா தலைவரிடம் போனாள்.

“டாக்டர் லாடமில்லாம இருக்கட்டும்னுதானே சொன்னாங்க?” என்றார் சுந்தரலிங்கம். “அடிச்ச கையோட கழட்டிடுறோமே. லாடமில்லாமத்தான இருக்கு?”

மஸீனா போய்க் குதிரையைப் பிடித்துக்கொடுத்தாள். அன்று இரவு படுக்கையில் அவளுக்கு நல்ல பதில்கள் நிறையத் தோன்றின.

அப்போது மாகாண சபைத் தேர்தல் வந்தது. வேட்பாளர் ராஜலிங்கம் நான்கு லாடங்களும் தனக்கே வேண்டும் என்று சொல்லியனுப்பினார், ஜீப்பின் நான்கு மூலைக்கும். ஞாயிற்றுக்கிழமை கண் முன்னாலேயே கழற்றித் தர வேண்டும்.

மஸீனா சந்திரிகாவுக்குப் போன் எடுத்தாள். “இன்னொரு தடவ ஆணி இறங்கினா அது எழும்பி நடக்காது” என்றார் அவர். “நடக்காத குதிரைக்கு நான் வந்து கடைசி ஊசிதான் போடணும்.”

ஞாயிறு காலை காளிமுத்து சுல்தானின் காலை மடியில் வைத்து, பிளந்திருந்த ஓரத்தைச் சீவி எடுத்துவிட்டுப் பார்த்தார்.

“ஆணி நிக்க இடமே இல்ல மிஸ்.”

“அப்ப ஏலாதுன்னு தலைவர்கிட்டச் சொல்லுங்களே.”

“நானா? ஆணியே அவரு கடையிலதான் கடனுக்கு எடுக்குறேன்.”

சுந்தரலிங்கம் வெள்ளைச் சட்டையில் வந்து சேர்ந்தார். கேற்றுக்கு வாழை கட்டியிருந்தது. மஸீனா ஊசி விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். உண்மையாகவே கண் கலங்கினார்.

“பாவம்தான் தங்கச்சி. இந்த மாதிரி ஜீவன்களுக்காகத்தான நாம காப்பகமே வச்சிருக்கோம்” என்றவர், காளிமுத்துவிடம் திரும்பினார். “ஐயா வர முன்ன அடிச்சு முடிங்க.”

சுல்தான் மஸீனாவின் தோளில் மூக்கை உரசியது. காலடியில், சீவிப்போட்ட குளம்புத் துண்டுகள் பிறை பிறையாகக் கிடந்தன. ஒன்றைக் குனிந்து எடுத்தாள்.

“சேர், லாடத்துக்குச் சக்தி எங்கேருந்து வருது?”

“குதிரை கால்லருந்துதான். ஏன்?”

“ஒரு சுத்து கால்ல பட்ட இரும்புக்கே அவ்வளவுன்னா...” அவள் துண்டை நீட்டினாள். “இது காலேதானே, சேர்.”

சுந்தரலிங்கம் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காளிமுத்து சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார்.

“எங்க பன்விலப் பக்கம் ஆதியில இதுதாங்க வழக்கம்” என்றார். பன்விலவில் குதிரை எதுவும் கட்டியதாக யாருக்கும் நினைவில்லை. “லாடமெல்லாம் வெள்ளக்காரன் வந்தப்புறம் வந்தது.”

“ஆனா சேர்,” மஸீனாவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது, “இதுக்கு மேல ஆணி பட்டா குளம்பு பலிக்காது. இனி அடிச்சா எல்லாம் வீண்.”

தலைவர் துண்டை விரலால் தட்டிப் பார்த்தார். “இரும்புன்னா வாங்கணும்” என்றார் கடைசியில். “இது தானா வளருது.”

ராஜலிங்கத்துக்குச் சிவப்புத் துணியில் முடிந்து வலது கையில் ஒன்று கட்டினார்கள். கழுத்து மாலையில் இரண்டு தொங்கவிட்டார்கள். ஜீப்புக்கும் ஒன்று. மத்தளத்தோடு ஊர்வலம் கடுகண்ணாவைக் கடைவீதிக்கு இறங்கியது.

காளிமுத்து குளம்பு சீவும் நாட்களிலெல்லாம் காப்பகத்து நாய் அவர் பக்கத்தை விட்டு நகராது. குளம்புச் சீவல் என்றால் நாய்க்கு உயிர். இது மஸீனாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஊர்வலத்துக்குப் பின்னால் அது ஓடியபோதுதான் ஞாபகம் வந்தது.

மீன் கடையடியில் நாலைந்து நாய்கள் சேர்ந்தன. ரயில் நிலையச் சந்தியில் வேட்பாளருக்குப் பின்னால் ஆட்களைவிட நாய்கள்தான் அதிகம். ஓர் ஆதரவாளர் கல்லெடுத்தார்.

“விரட்டாதீங்க” என்று சுந்தரலிங்கம் தடுத்தார். “பைரவர் வாகனம். கூப்பிடாம வருது பாருங்க.”

ராஜலிங்கம் நெகிழ்ந்துபோய் நாய்களைப் பார்த்துக் கும்பிட்டார். கைகள் குவிந்த உயரம் ஒரு செவலை நாய்க்குத் தோதாக இருந்தது. தாயத்தும் சட்டைக்கையில் பாதியும் அதன் வாயோடு போயின.

தேர்தலில் அவர் கட்டுப்பணத்தையும் இழந்தார். தாயத்து பறிபோனதுதான் காரணம் என்பது எல்லாருக்கும் விளங்கியது. கையில் இருந்திருந்தால் வென்றிருப்பார். இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? கண்டி, பேராதனையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

சபை அவசரமாகக் கூடி, சுல்தானுக்குக் கிட்டவும் ஆணி கொண்டுவரக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. சந்திரிகா ஒரு வருடமாகச் சொன்னது ஒரே கூட்டத்தில் நிறைவேறியது. அவருக்கு நன்றி கூறத்தான் மறந்துவிட்டார்கள்.

“சீக்கிரமா வளர என்ன தீனி குடுக்கலாம்?” என்று சுந்தரலிங்கம் கேட்டார்.

“ஒண்டும் தேவயில்ல சேர். சும்மா விட்டாத்தான் வளரும்.”

“எவ்வளவு சும்மா?”

“முழுக்கச் சும்மா.”

மழைக்காலம் முடியும்போது குளம்பின் மேல்விளிம்பிலிருந்து புதுவளர்ச்சி வழவழவென்று இறங்கியிருந்தது. சுல்தான் புல்மேட்டில் நொண்டாமல் ஓடியது. மஸீனா வேலியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பளீல் ஹாஜியார் குடையோடு வந்தார்.

“எனக்கு நம்பிக்கை இல்ல மகள். மருமகன்தான் கரச்சல் படுத்துறார். அந்தச் சீவல்ல கொஞ்சம்...”

சுல்தானின் குளம்பில் சீவ இன்னும் ஒன்றுமில்லை. அவள் உள்ளே போய், மண்ணிறக் குதிரைகளின் சீவலை வாளியிலிருந்து அள்ளினாள். அவற்றுக்கும் ஒருவழியாக மரியாதை வந்துவிட்டது. வாசலில் நாய்கள் காத்திருந்தன. பெரிய துண்டுகளை அவற்றுக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சிவப்புத் துணியில் முடிந்து ஹாஜியாரிடம் கொடுத்தாள்.

“வீட்டில நாய் ஈக்கா?” என்று மட்டும் கேட்டாள்.