கேட்கப் போனவள்

எழுபத்து நாலில் மழை பொய்த்தபோது திருவிடந்தைக்கு மேற்கே எந்த வயலிலும் நடவு இல்லை, கூலியும் இல்லை. ரெபேக்காளின் கணவன் காசநோயோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். குடிசையில் அவளும் இரண்டு மாதப் பெண்குழந்தையும்தான். காய்ச்சலில் விழுந்து எழுந்தவளுக்குப் பால் வற்றிவிட்டது. துணியைக் கஞ்சித் தண்ணீரில் நனைத்து வாயில் வைத்தால் குழந்தை துப்பியது. மூன்றாம் நாள் அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது.

"கர்த்தாவே, ஒரு வழி காட்டும்" என்று முழங்காலில் நின்றாள். சபையில் மாடு வைத்திருக்கும் யாராவது மனசு இரங்குவார்கள் என்று நம்பினாள். வந்தவளோ கடலோரக் குப்பத்து மீன்காரி ஜெகதாம்பாள்.

கூடையை இறக்கியவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "இன்னாமே, புள்ள இப்டி மொனவுது?"

ரெபேக்காள் நடந்ததைச் சொன்னாள். ஜெகதாம்பாளின் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

"எம் புள்ள பூட்டு பத்து நாளாச்சி. பாலு நிக்க மாட்டேங்குது, மண்ணுல பீச்சி வுட்டுகினு கீறேன்" என்று கைகளை நீட்டினாள் ஜெகதாம்பாள். "குடு."

ரெபேக்காள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். செத்த பிள்ளைக்குச் சுரந்த பால். அந்தச் சாவு தன் பிள்ளையையும் தொட்டுவிடுமோ என்று பயந்தாள். "வேணாங்கா. கர்த்தர் குடுப்பாரு."

"குடுக்கட்டும். அதுவரிக்கும் தொண்ட நனையட்டுமே."

ஜெகதாம்பாளின் மடியில் குழந்தை முதலில் திணறியது. பிறகு விடாமல் குடித்தது. ஜெகதாம்பாள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் தோள் குலுங்கியது.

அதன்பிறகு காலையும் மாலையும் வந்தாள். மீன் படாத நாளிலும் வெறுங்கையோடு அத்தனை தூரம் மணலில் நடந்து வந்தாள். குழந்தையின் முகம் தெளிந்தது. ரெபேக்காளுக்குத்தான் ஜெபம் வரவில்லை. ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தால், தான் பார்த்திராத அந்த இன்னொரு குழந்தை குறுக்கே வந்து நின்றது.

பன்னிரண்டாம் நாள் ஜெகதாம்பாள் வரவில்லை. மறுநாள் காலையிலும் காணோம். இதுவரை உதவி தானாக வந்தது. கர்த்தர் அனுப்பினார் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. குப்பத்துக்குப் போய் வாய்விட்டுக் கேட்டால் பிச்சை அல்லவா? குழந்தை வீறிட்டது. தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டு வாசலில் ஜெகதாம்பாளின் மாமியார், வேண்டா என்ற கிழவி, கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். "யாரும்மா நீ?"

"புள்ளைக்குப் பாலு... கேக்க வந்தேன்."

"நீதானா அது? அவ காலு வீங்கிப் படுத்துகினு கீறா. குடுக்கறவதான் நடக்கணுமா? வாங்கறவ வரக் கூடாதா?"

ரெபேக்காள் வாசலைத் தாண்டாமல் தள்ளியே நின்றாள்.

"புள்ள செத்த வூடுன்னு பயமா?"

"ஆமாம்மா" என்றாள் ரெபேக்காள். பொய் சொல்லத் தோன்றவில்லை.

விரட்டிவிடுவாள் என்றுதான் ரெபேக்காள் நினைத்தாள். வேண்டா கையைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை வாங்கி உள்ளே ஜெகதாம்பாளிடம் கொண்டுபோனாள். திரும்பி வரும்போது கையில் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் இருந்தன.

"நீயும் துன்னு. காஞ்ச வயித்துல பாலு எங்கேந்து வரும்?"

ரெபேக்காள் மணலில் உட்கார்ந்து குடித்தாள். அழுகை வந்தது, குடிப்பதை நிறுத்தவில்லை.

அந்த வருஷம் மழை வரவே இல்லை. கணவனும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். ரெபேக்காள் இரண்டு வேளையும் குப்பத்துக்கு நடந்தாள். இருபது நாள் கழித்து அவளுக்கே பால் கசியத் தொடங்கிற்று. ஓடிப்போய் முதலில் ஜெகதாம்பாளிடம்தான் சொன்னாள்.

ஜெகதாம்பாள் சிரித்தாள். பிறகு குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "நாளிக்கும் இட்டுகினு வாமே" என்றாள்.