ரம்பத்தின் மறுமுனை

பம்புசெட்டில் தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் மாஷாவின் பையை மறுபடி கட்டிவிட வேண்டும்.

கலையரசியின் விரல்கள் பறந்தன. இரண்டு கால்சட்டைகள். புரியாத எழுத்தில் பெயர் போட்ட பற்பசை. கள்ளக்குறிச்சி வெயிலுக்கு யாரும் கொண்டுவராத கம்பளித் தொப்பி ஒன்று. அடியில் ஒரு ஜோடிக் காலுறை. அதில் ஒன்றுக்குள் ஏதோ கெட்டியாக உருண்டது. உதறினாள்.

கைக்கடிகாரம்.

கண்ணாடியில் குறுக்கே விரிசல். வார் அறுந்துபோய், செருப்புத் தைக்கும் நூலால் அம்மா தைத்துக் கொடுத்த இடம் அப்படியே இருந்தது. அவளுடைய அண்ணன் தமிழழகனுடைய கடிகாரம்தான். குளிக்கும்போது மட்டும் கழற்றுவான். நேற்று விடியற்காலையிலிருந்து அவனைக் காணோம். அவன் கடிகாரம் இந்த வெள்ளைக்காரியின் காலுறைக்குள் எப்படி வந்தது?

வெளியே மோட்டார் நின்றது. கலையரசி கடிகாரத்தைப் பழையபடி திணித்துப் பையை மூலையில் வைத்துவிட்டு, கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொள்ளலாம்.

மாஷா ஈரத்தலையோடு உள்ளே வந்தாள். லெனின்கிராடிலிருந்து ஒரு வருஷப் பரிமாற்ற மாணவியாகச் சென்னைப் பல்கலைக்கழக விடுதிக்கு வந்தவள், கலையரசியின் அறைத்தோழி. தமிழை அங்கேயே புத்தகத்தில் படித்துவிட்டாள். பேசினால் பாடப்புத்தகம் வாயைத் திறந்த மாதிரி இருக்கும்.

"உன் கண்கள் சிவந்துள்ளனவே, கலை?"

"வெங்காயம்."

கல்வராயன் மலையைப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்து நச்சரித்து, விடுமுறைக்குக் கூடவே ஊருக்கு வந்தாள். வந்த மறுநாளே சாலை மறியல் தொடங்கிவிட்டது. இடஒதுக்கீடு கேட்டுச் சாலைக்குச் சாலை புளியமரங்கள் விழுந்து கிடந்தன. சின்னசேலத்துக்கும் பஸ் இல்லை, சங்கராபுரத்துக்கும் இல்லை. ஊருக்குள் வந்தவர்கள் ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

அதற்கெல்லாம் மாஷா அசரவில்லை. தினமும் விடியற்காலையில் கால்சட்டையை மாட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் சாலையில் ஓடுவாள். அவளை யார் துரத்துகிறார்கள் என்று மாடு பிடித்துப் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். நேற்றும் அப்படித்தான் ஓடப் போனாள். ஆனால் மதியம்தான் திரும்பினாள். எங்கே போனாய் என்றதற்கு, "வழி தவறிவிட்டேன்" என்றாள். நேர்சாலையில் ஓடுகிறவள் எப்படி வழி தவறுவாள்?

"அக்கா! வூட்டுல யாரு?"

வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ராஜாங்கம் உள்ளே வந்தார். இந்தப் பக்கத்து மறியலுக்கு அவர்தான் எல்லாம். கண் இரண்டும் தூக்கமில்லாமல் பழுத்திருந்தன. கையில் ஒரு மரப்பிடி. சைக்கிள் டியூப் சுற்றிய பிடி.

"மரத்தாண்ட கெடந்துச்சு. இது யார் வூட்டு ரம்பத்துப் பிடின்னு பாருங்க அக்கா."

அம்மா பார்த்தாள். "எங்களுதுதான். அதுக்கு இன்னா இப்ப?"

"இன்னாவா? முந்தாநாள் இந்த ரம்பத்தால உன் மவன்தான் மரத்த அறுத்துப் போட்டான். நேத்து விடியக்காலைல அதே ரம்பத்தால மரத்த நடுவுல ரெண்டு எடத்துல அறுத்து, வண்டி போற அளவுக்கு வழி வுட்டிருக்குது. அந்தச் சந்துலதான் கச்சிராயபாளையத்துலேர்ந்து போலீஸ் வேன் உள்ள வந்துச்சு. தூங்கிக்கினு இருந்த பசங்கள லுங்கியோட அள்ளிக்கினு பூட்டான். என் மவன் அன்புச்செல்வனும் உள்ள கெடக்கறான். காவலுக்கு இருந்தது தமிழு ஒருத்தன்தான். எங்க அவன்?"

"எனக்கு எப்படித் தெரியும் மாமா?" என்றாள் கலையரசி. அவள் சொன்னது நிஜம்.

"அது ரெண்டு ஆளு இழுக்கற ரம்பம். ஒரு முனை உங்க அண்ணன். அந்த முனை யாரு? ரெண்டு பேரும் கையில கெடைக்கட்டும், காலு தனியா கையி தனியா..." ராஜாங்கம் பாதியில் நிறுத்திவிட்டு மாஷாவைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு தெனமும் அந்தப் பக்கம் ஓடுதாமே. சி.ஐ.ஏ.வா?"

"ரஷ்யாக்காரி மாமா. அவங்களுக்கு கே.ஜி.பி."

"எதுவா இருந்தா இன்னா?"

மாஷா எழுந்து கை கூப்பினாள். "வணக்கம் ஐயா. தங்கள் மகன் விரைவில் விடுதலையாக வேண்டும் என விழைகிறேன்."

அம்மா ஒரு சொம்பு மோரை நீட்டினாள். வாங்கப் போன ராஜாங்கம் கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னாக்கா, எடது கையில குடுக்கற? நான் அவ்ளோ ஆகாதவனாயிட்டனா?"

"கோச்சுக்காதப்பா. நேத்து கஞ்சி வடிக்கறப்ப வலது கையில கொட்டிக்கினேன்." அம்மா துணி சுற்றிய வலது கையைக் காட்டினாள். மஞ்சள் கறை துணி முழுக்க ஊறியிருந்தது.

ராஜாங்கம் குடித்தார். "உப்பு கம்மி" என்றார். சைக்கிளில் ஏறும்போது சொன்ன குரல் மட்டும் தாழ்ந்திருந்தது. "நான் தேடறதுக்குள்ள அவனே வந்துட்டா உசுராச்சும் மிஞ்சும். சொல்லி வையுங்க."

அவர் தெரு திரும்பியதும் மாஷா சொன்னாள்: "நான் இன்று மலைக்குச் செல்ல வேண்டும்."

இன்றைக்கா? ஊரே கொதித்துக்கொண்டிருக்கும்போது மலை பார்க்கவா? அம்மா தடுப்பாள் என்று கலையரசி எதிர்பார்த்தாள். அம்மாவோ ஏற்கெனவே கிளறி வைத்திருந்த புளிச்சோற்றை வாழையிலையில் கட்ட ஆரம்பித்தாள், அதுவும் இடது கையாலேயே. பொட்டலம் பெரியதாக இருந்தது.

"ஒருத்திக்கு இவ்ளோவாம்மா?"

"மலையேறினா பசி ஜாஸ்தி எடுக்கும்டி."

"நானும் போறேன்."

அம்மாவும் மாஷாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கணம்தான். கலையரசி அதைப் பிடித்துவிட்டாள். அம்மாவையும் இவள் ஏதோ சொல்லி மயக்கி வைத்திருக்கிறாளா?

மாஷா சைக்கிளை மிதித்தாள். கலையரசி பின்னால் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுபட்ட புளியமரம் வந்தது. நடுத்துண்டு உருண்டு வாய்க்காலில் கிடந்தது. ஒரு வண்டி சரியாகப் போகும் இடைவெளி. தார் மேல் மரத்தூள் இன்னும் வெளுப்பாக இருந்தது. போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்து உச்சுக்கொட்டும் இடம் அது. மாஷா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் தடவை பார்க்கிறவள் பார்க்காமல் இருப்பாளா?

அண்ணன் கோஷம் போட்டே தொண்டை கட்டிப்போனவன். அவனா மரத்தை அறுத்துப் போலீசுக்கு வழி விட்டான்? யாரோ ஆசைகாட்டி அறுக்க வைத்திருக்க வேண்டும். காரியம் முடிந்ததும் கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவனை என்ன செய்தார்கள்?

கோமுகி அணையைத் தாண்டி, மலை தொடங்கும் வளைவில் மாஷா சைக்கிளை நிறுத்தினாள். சுற்றிலும் பார்த்தாள். மணியை இரண்டு தரம் அடித்தாள். சற்றுப் பொறுத்து, இன்னும் ஒரு தரம்.

கலையரசி கீழே குதித்து சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"எங்க அண்ணன் வாச்சு உன் பையில எப்படி வந்துச்சு? யாருக்கு மணி அடிக்கற? போலீசுக்கா?"

மாஷா மணியிலிருந்து கையை எடுத்தாள். "கலை, நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"ஒரே தட்டுல சோறு தின்னோம். விடுதியில உனக்கு ஜொரம் வந்தப்ப ராத்திரி பூரா முழிச்சிக்கினு இருந்தேன். என்கிட்ட இன்னா வாக்கு?"

"கத்தாதடி. மலை பூரா கேக்குது."

குரல் புதருக்குள்ளிருந்து வந்தது. ஈச்சஞ்செடிகளை விலக்கிக்கொண்டு தமிழழகன் வெளியே வந்தான். தாடி, சேறு, கிழிந்த பனியன். கலையரசி ஓடிப்போய் முதலில் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகுதான் அழுதாள்.

"அடி அப்புறம் அடிக்கலாம். சோறு எங்க?"

பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே சொன்னான். நேற்று விடியும்போது மரத்தடியில் அவன் மட்டும் காவல் இருந்திருக்கிறான். மலையிலிருந்து ஒரு ஜீப் ஆடி ஆடி வந்து மரத்துக்கு முன்னால் நின்றது. ஓட்டிவந்தவன் வேடியப்பன், வெள்ளிமலைப் பக்கத்து ஆள். தூக்கத்தில் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. கூட வர ஆளில்லாமல், கடிபட்ட காலோடு தானே அத்தனை வளைவும் இறங்கி வந்திருக்கிறான். மரத்தைப் பார்த்ததும் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டது.

"ரெண்டு பக்கமும் வாய்க்கா. சுத்திப் போவ முடியாது. தூக்கி அந்தப் பக்கம் போட்டா அங்க வண்டி ஏது? நான் போட்ட மரம்டி அது. என் கண்ணு முன்னாடி ஒருத்தன் வாயில நொர தள்றான். இன்னா பண்ணச் சொல்ற? வூட்டுக்கு ஓடி ரம்பத்த எடுத்தாந்தேன்."

மாஷா மெதுவாகச் சேர்ந்துகொண்டாள். "நான் ஓடி வந்தபோது பாதி அறுத்திருந்தார்கள். காலில் கட்டிய கயிற்றைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தளர்த்த வேண்டும் என்று தமிழ் சொன்னார். அதற்காகவே கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். மருத்துவமனை வரை அவர் ஜீப்பை ஓட்டினார். நான் பின்னால் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் திருப்பித் தர மறந்தேன்."

"அந்த ஆளு?"

"பொழைச்சிக்கினான்" என்றான் தமிழழகன். "நாங்க அந்தாண்ட போன கொஞ்ச நேரத்துல போலீசு இந்தாண்ட வந்துட்டான். சத்தியமா அது எனக்குத் தெரியாது."

"அப்ப ராஜாங்கம் மாமாகிட்ட இதயே சொல்லேன்!"

"அன்பு உள்ள கெடக்கறப்ப அவருக்குக் காது கேக்குமா? மலைக்காரன் வண்டிக்குத்தான் வழி வுட்டாங்கன்னு தெரிஞ்சா, அப்புறம் ஒரு மலைக்காரனும் கள்ளக்குறிச்சி சந்தைக்கு எறங்க முடியாது. அவன் ஜீப்ப கொளுத்திடுவானுங்க. இவ பேரு வெளிய வந்தா இவள அடுத்த பிளேன்ல ஏத்திடுவாங்க. துரோகின்னு பேரு என்னோட போவட்டும். வேடியப்பன் ஆளுங்க இன்னிக்கே என்ன மலைக்கு அந்தாண்ட கருமந்துறைக்குக் கூட்டிக்கினு போறாங்க. மறியல் ஆறட்டும், வரேன்."

"என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்."

"உனக்குப் பொய் சொல்ல வராதுடி. மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்."

கலையரசி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கணக்கு மட்டும் இடித்தது. மாஷா வரும்போது பாதி மரம் அறுபட்டிருந்தது. வேடியப்பன் மயக்கத்தில். சட்டென்று மாஷாவின் கைகளைப் பிடித்து விரித்தாள். ரோஜா நிறத்தில், ஒரு கீறல்கூட இல்லாத உள்ளங்கை.

"அந்த முனையப் புடிச்சது யாரு அண்ணா?"

அவன் கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு எழுந்தான். "அத்த மட்டும் கேக்காத."

அவர்கள் வீடு திரும்பியபோது வாசலில் ராஜாங்கத்தின் சைக்கிள் நின்றது. அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"மலைக்குப் போனீங்களாமே. யாரயாச்சும் பாத்தீங்களா?"

மூஞ்சி காட்டிக் கொடுத்துவிடும் என்று அண்ணன் சொன்னானே. கலையரசி நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள்.

"குரங்குதான் மாமா. எங்க சோத்தயெல்லாம் புடுங்கிக்கினு பூட்டுது."

"மலை மிகவும் அழகு, ஐயா" என்றாள் மாஷா. "குரங்கு மிகுந்த பசியோடு இருந்தது."

ராஜாங்கம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தமிழு பூட்டான்னு வெச்சிக்க. ஆனா அந்த இன்னொருத்தன் இந்த ஊர்லதான் கீறான். அவ்ளோ பெரிய மரத்த அந்நேரத்துல அறுத்தவன் சாதாரண ஆம்பள இல்ல. கண்டுபுடிக்காம வுடமாட்டேன்."

"தேடுப்பா" என்றாள் அம்மா. "மொதல்ல மோரு குடி. இந்த வாட்டி உப்பு ஜாஸ்தியாவே போட்டிருக்கேன்."

இடது கையால் நீட்டினாள். ராஜாங்கம் இந்தத் தடவை மறுக்காமல் வாங்கிக் குடித்தார். போனார்.

சைக்கிள் சத்தம் தேய்ந்ததும் கலையரசி அம்மாவின் வலது கையைப் பிடித்தாள். அம்மா இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். இவள் விடவில்லை. மஞ்சள் ஊறிய துணியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள்.

கஞ்சி பட்ட அடையாளம் எங்குமே இல்லை. புறங்கை சுத்தமாக இருந்தது. உள்ளங்கையில், நான்கு விரல்களின் அடியிலும், ரம்பத்துப் பிடியின் அகலத்துக்குக் கொப்புளங்கள் வரிசையாக உடைந்திருந்தன. அவற்றில் சைக்கிள் டியூப்பின் கறுப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.