இருபத்தைந்து நிமிடம் முன்னதாக

பெர்கனிலிருந்து கவுனாசுக்கு ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்; விமானத்தில் இரண்டு மணி பத்து நிமிடம். நார்வேயில் சால்மன் மீன் அறுக்கும் ஜெனோனாசுக்கு இது மனப்பாடம். ஆறு வாரம் வேலை, இரண்டு வாரம் லித்துவேனியாவில் வீடு. வீடு என்றால் நாலாவது மாடியில் இரண்டு அறை, ஒரு ஃப்ரிட்ஜ். பேச்சுத்துணை அந்த ஃப்ரிட்ஜ்தான். அதுவும் விட்டுவிட்டுத்தான் முனகும்.

இரண்டு வருடமாகப் பதினான்காம் வரிசையின் நடு இருக்கையைக் கூடுதல் கட்டணம் கட்டி வாங்குகிறார். நடு இருக்கைக்குக் காசு கொடுக்கும் ஜென்மம் உலகத்தில் வேறு இருக்காது. காரணம், ஜன்னலோரத்து மில்டா. பெர்கனில் ஓட்டல் சலவைக்காரி. அவளுக்கும் ஆறுக்கு இரண்டுதான்.

இன்று உட்கார்ந்ததுமே சொன்னாள்: "இதான் கடைசி. வேலைய விட்டுட்டேன். இனிமே தங்கச்சி வீட்டோட."

ஜெனோனாஸ் திட்டம் போட்டார். முதல் ஒரு மணி நேரம் தைரியத்துக்கு. அடுத்த அரைமணி, என்ன வார்த்தை என்று யோசிக்க. மிச்ச நாற்பது நிமிடத்தில் போன் நம்பர் கேட்டுவிடுவது.

"இன்னைக்கு மீன் வாசனை கம்மியா இருக்கே?"

"ரெண்டு தடவ சோப்பு போட்டேன்."

"எனக்காகவா?"

"மீனுக்காக."

நாக்கை அறுத்துச் சால்மனோடு ஐஸில் போடலாம் போலிருந்தது. அவள் சிரித்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

வார்த்தை கூடிவரும் நேரத்தில் விமானியின் குரல் கேட்டது. பின்னாலிருந்து நல்ல காற்றாம். இருபத்தைந்து நிமிடம் முன்னதாகவே இறங்குகிறோமாம். சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

"நீங்க ஏன் தட்டல?" என்றாள் மில்டா, கண்ணைத் தேய்த்துக்கொண்டே.

"சீக்கிரம் வந்துட்டான்ல."

"அதுக்கு யாராவது கோச்சுக்குவாங்களா?"

வெளியே வந்தால் தங்கை இன்னும் வரவில்லை. அட்டவணை நேரத்துக்குத்தான் வருவாளாம். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வாழ்க்கை ஜெனோனாசிடம் இவ்வளவு தாராளமாக நடந்துகொண்டதே இல்லை.

"இந்தக் காத்து இருக்கே," என்று ஆரம்பித்தார், "மேற்கேருந்துதான் அடிக்கும். அதான் வரும்போது சீக்கிரம், போகும்போது லேட்டு."

"அப்புறம்?"

"குளிர்காலத்துல இன்னும் வேகம்."

"அப்புறம்?"

"மேல போகப்போக இன்னும்."

சிவப்புக் கார் வந்து நின்றது. மில்டா கதவைத் திறந்துவிட்டு, ஏறாமல் நின்றாள். "வேற ஒண்ணும் இல்லையா?"

"பனி பெஞ்சா மட்டும் கொஞ்சம் மாறும்."

"உங்களுக்குக் காத்தப் பத்தி நெறையத் தெரியுது, ஜெனோனாஸ்," என்றாள். கதவு மெதுவாகத்தான் மூடியது.

ஊருக்குள் போகும் பஸ் கிளம்பி இரண்டு நிறுத்தம் தாண்டியதும் வார்த்தை முழுசாக வந்தது. மொத்தமே நாலுதான். அவர் அதை வாய்விட்டே சொன்னார்:

"போன் நம்பர் குடுங்க, மில்டா."

முன் இருக்கைக்காரர் திரும்பினார். "என்கிட்டயா?"

"இல்லைங்க," என்றார் ஜெனோனாஸ்.