கதவைத் தட்டுகிறாள்

"கொஞ்சம் கீழ, அம்மா," என்றான் தனோஜன்.

யோகராணி கையை இறக்கினாள். வாய்க்கரிசி விரலிடுக்கால் உதிர்ந்துகொண்டிருந்தது. முதலில் பட்டது மூக்கு, பிறகு மீசை, அதற்குக் கீழே உதடு அகப்பட்டது. குளிர்ந்துபோய் இறுக மூடியிருந்தது. கல்யாணமான நாள் தொட்டு ஓயாமல் கதைத்த வாய். இருந்த அரிசியை அதன் மேல் வைத்துவிட்டு, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

மண்டபத்தில் வந்தவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்து ஒன்றையேதான் சொன்னார்கள். வரதராஜன் குடுத்து வைச்ச மனுசனாம். நோய் நொடி இல்லை, கிடையில் விழவில்லை, மனுசிக்குப் பக்கத்தில் இருந்து படம் பார்த்தபடியே போய்விட்டாராம். இப்படி ஒரு சாவு ஆருக்கு வாய்க்கும் என்று கேட்டார்கள். விசர்க் கதை என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையாட்டினாள். கண் தெரியாதவள் வேறு எங்கே போய் ஒளிவது?

சீனி வருத்தம் அவளுடைய கண்ணைக் கொண்டுபோன பிறகுதான் வரதராஜன் ஊமைப்படங்களைக் கண்டுபிடித்தார். தமிழ்ப் படம் போட்டால் அவள் காதாலேயே முழுக்கதையையும் விளங்கிக்கொள்வாள், அவருக்கு வேலை இல்லை. இங்கிலிஷ் படம் போட்டால் அவருக்கே விளங்காது. "உமக்குக் கண் இல்லை, எனக்கு இங்கிலிஷ் இல்லை, இந்தப் படத்துக்கு வாய் இல்லை. மூண்டு பேருக்கும் நல்ல பொருத்தம், இரும்," என்றார். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்தால் புலம்பெயர்ந்து வந்த ஹில்ஸ்பரோ வீட்டுச் சோபாவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிடுவார்கள். பியானோ வாசிக்கும், அவர் கதை சொல்லுவார்.

என்ன கதைகள்! மாமியார் நஞ்சு வைப்பாள். முறுக்கு மீசைக்காரன் ஒருவன், ஊர்ச் சங்கக்கடை மனேஜர் மாதிரி ஆளாம், வீட்டை எழுதித் தா என்று விதவையை வெருட்டுவான். பிள்ளைத்தாய்ச்சியைப் பனிக்குள் துரத்திவிடுவார்கள். இடையிடையே திரையில் இங்கிலிஷ் எழுத்து வரும். அதை வாசிக்கிற நேரத்துக்கு அவர் முகங்களைப் பார்த்துத் தானாகக் கட்டிச் சொல்லிவிடுவார். ஒருத்தரையும் சாகவிட மாட்டார். பியானோ இழுத்து இழுத்து அழும், இவர் "காய்ச்சல் விட்டுட்டுது, எழும்பிக் கஞ்சி குடிக்கிறாள்" என்பார். யோகராணிக்குக் காது நல்லாகக் கேட்கும். ஆனாலும் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். கைப்பிள்ளையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு ஒரு பெட்டை பனிக்குள் நடக்கிறாள் என்றார். தூரத்தில் ஒரு வீடாம், விளக்கு எரிகிறதாம். "கதவைத் தட்டுறாள்," என்றார். அதோடு நிறுத்திவிட்டார்.

நல்ல இடம் பார்த்து நிறுத்தி அவளைக் கெஞ்ச வைப்பது அவருடைய பழைய சேட்டை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு என்ன என்று கேட்டாள், பதில் இல்லை. "வாயில என்ன கொழுக்கட்டையோ?" என்றாள். அதற்கும் பதில் இல்லை. சரி, எனக்கும் ரோசம் இருக்கு என்று மற்றப் பக்கம் திரும்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பியானோ நின்று ஏதோ விளம்பரம் கத்தத் தொடங்கியபோதுதான் கையை நீட்டி அவருடைய கையைத் தொட்டாள்.

இதை அவள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

எரித்துவிட்டு வந்து குளித்து, தேத்தண்ணியும் குடித்த பிறகு தனோஜனைக் கூப்பிட்டு அந்தப் படத்தைப் போடச் சொன்னாள். இன்றைக்குப் போய் என்னம்மா படம் என்று அவன் தயங்கினான். அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவள் தங்கை அன்னபாக்கியம் தண்ணீரை நிறுத்தினாள். யோகராணி குரலைத் தாழ்த்தினாள்.

"அவள் கதவைத் தட்டின இடத்திலதான் அப்பா நிப்பாட்டினவர். அதுக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஓடினது எண்டு எனக்குத் தெரியவேணும். நான் அவரோட கோவிச்சுக்கொண்டெல்லோ இருந்தனான்."

"டக்கெண்டு போயிட்டார் எண்டு டொக்டர் சொன்னவர்தானே, அம்மா."

"டொக்டரோ பக்கத்தில இருந்தவர்? நான் இருந்தனான்."

அவன் டிவியைப் போட்டுத் தேடினான். பியானோ துண்டு துண்டாகத் தாவியது. ஓரிடத்தில் அவள் கையை உயர்த்தினாள். அந்த வாசிப்பு அவளுக்குப் பாடம்.

"ஓம், தட்டுறா," என்றான் அவன். படம் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறான் என்று அவளுக்கு விளங்கியது.

பியானோ பாதியில் அறுந்தது.

"முடிஞ்சுது அம்மா. பிறகு கொஞ்சம்தான். ஒரு நிமிசம்கூட வராது."

பாட்டு முடிவதற்கும் அறுவதற்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? அவனுடைய குரல் அப்பாவுடையதைப் போலவே கொஞ்சம் வேகமாக வந்தது. அந்தக் குரலில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது.

"கதவு திறந்ததோ?" என்று கேட்டாள்.

"திறந்தது."

"நல்லது, அப்பன். சித்தியைக் கொண்டுபோய் விட்டிட்டு வா. நான் இருப்பன்."

சித்தியின் வீடு தூரத்தில், புக்கெகோஹியில். மோட்டர்வேயில் இந்த நேரம் கார்கள் முட்டி நிற்கும், சுணங்கும் என்றான். பரவாயில்லை என்றாள். கார் கிளம்பிப் போன சத்தம் தேய்ந்த பிறகு ரிமோட்டைத் துழாவி எடுத்தாள். அவள் விரலுக்கு அகப்படட்டும் என்று வரதராஜன் படத்தை ஓட்டும் பொத்தானில் அவளுடைய ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். அதை அமத்தினாள்.

விட்ட இடத்தில் இருந்து பியானோ தொடங்கியது. யோகராணி தன்னுடைய பக்கத்திலேயே இருந்தாள். முகத்தை மட்டும் அவர் இருக்கும் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டும் மெசினை இழுத்து முடுக்கினான். முன்பக்கம் வெட்டினான், பின்பக்கம் வெட்டினான், மெசினை நிறுத்திக் கழுவி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான். பியானோ இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது.