ஆவி படியாத கண்ணாடி

தரைவிரிப்பைச் சுருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு, ஓக்ரிம் ஈரச் செய்தித்தாளை அறை முழுக்க விரித்தாள். கால் மணி நேரத்தில் தாளில் கோடு கோடாக ஈரம் காய்ந்தது. காய்ந்த கோட்டுக்கு அடியில்தான் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் வளைந்து வளைந்து ஓடுகிறது. தாளைத் தூக்கித் தூக்கி, சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் குறித்துக்கொண்டே போனாள். ஜன்னல் மூலையில் மட்டும் ஒரு தட்டு அகலத்துக்குத் தாள் காயவே இல்லை. தொட்டால் சுட்டது.

“ஓட்டை இங்கதாங்க.”

மான்ஹோ அங்கே உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “ஆமா, இங்கதான்” என்றார். சுன்சோன் ஊரில் முப்பது வருஷமாகச் சூட்டுத் தரைகளை உடைத்துப் பூசுகிறவர். அந்தக் கை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மனைவி ஓக்ரிம் பதினோரு வருஷமாகக் கூட வேலை பார்க்கிறாள். விளக்குப் பிடிப்பது, இடிபாட்டை அள்ளுவது, வீட்டுக்காரர்களைச் சமாளிப்பது எல்லாம் அவள் பாடு. இன்றைக்கு அந்தக் கடைசி வேலைதான் பெரும்பாடாக இருந்தது.

“மேஸ்திரி, நாலு மணிக்குள்ள முடிஞ்சிடுமில்ல?” வீட்டுக்கார இளைஞன் சங்யுன் ஐந்தாவது தடவையாகக் கேட்டான்.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. நாலு மணிக்கு அவன் மனைவி பதினைந்து நாள் குழந்தையோடு பேறுகால விடுதியிலிருந்து வருகிறாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு டிகிரி. பாய்லரை அணைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் சமையலறைத் தரை சில்லிட்டுவிட்டது. கீழ்வீட்டு அம்மாள் வேறு, கூரை விளக்கு வழியாகத் தண்ணீர் சொட்டுகிறதென்று இரண்டு முறை மேலே வந்து காய்ச்சி எடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

“முடிஞ்சிடும் தம்பி. நீ இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடக்காம இருந்தா மூணுக்கே முடிஞ்சிடும்,” என்றார் மான்ஹோ.

மேல் பூச்சை மின்சார உடைப்பான் பார்த்துக்கொண்டது. குழாய்க்கு இரண்டு விரற்கடை மேலே வந்ததும் அதை நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து உளியும் சுத்தியலும்தான். உளி ஒரு தரம் வழுக்கினால் போதும், ஒரு ஓட்டை இரண்டாகிவிடும். தரை ஆறும்வரை காத்திருந்து கொத்துவது அவர்கள் வழக்கம், ஆனால் இன்று அதற்கு நேரமில்லை. குழியிலிருந்து ஆவி புசுபுசுவென்று எழும்பியது.

இந்த ஆவிதான் ஓக்ரிமுக்கு எமன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு சூட்டுத் தரையில், பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிகிறதென்று மான்ஹோ அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டார். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம்தான். அவருடைய உளியின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் குடை மாதிரி விரிந்திருந்தது. அதிலிருந்து நகக்கண் அளவு இரும்புச் சில்லு தெறித்து இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே இருப்பது செயற்கைக் கண். மிச்சம் ஒரு கண். அதுவும் போனால் மனுஷனுக்கு எதுவுமே இல்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓக்ரிம் எல்லா உளிகளின் தலையையும் அரம் போட்டு ராவிவிடுகிறாள். வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு பேர் கண்ணாடியிலும் பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு விட்டுத் துடைக்கிறாள். அப்படிச் செய்தால் ஆவி படியாது. மான்ஹோ அவளைக் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் சரி.

மான்ஹோ கொத்த ஆரம்பித்தார். நாலாவது அடி உளியின் தலையில் விழாமல் ஓரத்தில் வழுக்கியது. ஏழாவது அடி அவருடைய கட்டைவிரலில் விழுந்தது. சத்தமே காட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டார். கையுறைக்குள் விரலை மடக்கி மடக்கி நீட்டியதை ஓக்ரிம் பார்த்துவிட்டாள்.

“என்னாச்சுங்க?”

“ஒண்ணுமில்ல. கண்ணாடில ஆவி படியுது.” கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

ஓக்ரிம் விளக்கைப் பின்னுக்கு இழுத்தாள். “எடுத்துப் போடுங்க முதல்ல.”

“அஞ்சு நிமிஷ வேலைடி. விளக்கைக் கிட்ட காட்டு.”

“மாட்டேன். போட்டாத்தான் காட்டுவேன்.”

“ஊரான் வீட்ல வச்சு வம்பு பண்ணாத. அந்தப் பையன் பாக்கறான்.”

சங்யுன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். “அக்கா, அவருக்குப் பழக்கம்தானே, விடுங்களேன். மணி ரெண்டாகுது,” என்றான் பாவம்.

“உனக்குக் குழந்தை வரணும், சரி. எனக்கு இவரு வீட்டுக்கு வரணும் தம்பி!” ஓக்ரிம் கத்தியதில் அவன் சமையலறைப் பக்கம் ஒதுங்கிவிட்டான்.

மான்ஹோ உளியை அவளிடம் நீட்டினார். பிறகு, “சரி, நீ உளியைப் பிடி. நான் அடிக்கிறேன். அப்ப சீக்கிரம் முடியும்,” என்றார்.

ஓக்ரிம் உடனே அதை வாங்கவில்லை. ஒருவர் பிடிக்க இன்னொருவர் அடிப்பது அவர்களிடம் கிடையவே கிடையாது. உளி யார் கையிலோ, சுத்தியலும் அவர் கையில்தான். வந்த முதல் நாளே அதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

தவறிய அந்த இரண்டு அடிகளும் நினைவுக்கு வர, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே உளியைக் குழியில் நிறுத்திப் பிடித்தாள். அவர் சுத்தியலை ஓங்கினார். அவர் வலது கண் உளியின் தலையைப் பார்க்கவில்லை, அதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக எதையோ தேடிக்கொண்டிருந்தது. அவள் கையை வெடுக்கென்று இழுத்த அதே நேரம், அவள் மணிக்கட்டு இருந்த இடத்தில் சுத்தியல் விழுந்து சிமெண்டு தெறித்தது.

உளி தரையில் உருண்டு நின்றது.

ஓக்ரிம் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். குழிக்கு நேராக முகத்தை நீட்டினாள். ஆவி முகத்தில் அடித்தது. சாக்கட்டிக் கோடு, குழாயின் வளைவு, அவர் மீசையில் ஒட்டியிருந்த தூசி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. காலையில் அவள் கையால் துடைத்த கண்ணாடி அது.

“இதுல எங்கங்க ஆவி?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சொல்லுங்க. எவ்வளவு நாளா?”

“அறுவடை முடிஞ்சதுலேர்ந்து,” என்றார் மழுப்பலாக. அவள் விடவில்லை. அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். “மூணு மாசமா. கண்ணாடிலதான் அழுக்குன்னு நெனச்சேன். கழட்டிப் பாத்தேன். கழட்டினாலும் அப்படியேதான் இருந்துச்சு. பால் கலந்த தண்ணிக்குள்ள பாக்கற மாதிரி.”

“எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா வேலைக்கு விடுவியா நீ?”

ஓக்ரிமுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி அவர் முகத்தில் மாட்டினாள். தன்னுடையதையும் போட்டுக்கொண்டு, உளியையும் சுத்தியலையும் தானே எடுத்தாள். “கையை வச்சு எங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

மான்ஹோ கையுறையை உருவினார். கட்டைவிரல் நகம் கறுத்து, அதற்குக் கீழே பழைய கறுப்புகள் இரண்டு மூன்று இருந்தன. உள்ளங்கையால் தடவி, “ஒரு விரக்கடை ஜன்னல் பக்கம். உளியைச் சாய்ச்சுப் பிடி, நெட்டுக்குத்தா வேணாம்,” என்றார். கையை முழுசாக எடுத்து, “எடுத்துட்டேன்” என்று சொன்ன பிறகே அவள் அடித்தாள். அப்படியே நூறு தடவை. தடவல், “எடுத்துட்டேன்”, அடி. பதினோரு வருஷமாக விளக்குப் பிடித்த கைக்கு முதலில் உளி பிடிபடவில்லை. இரண்டே முக்காலுக்குக் குழாய் தெரிந்தது. அதன் வளைவில் முடி கனத்துக்கு ஒரு கீறல்.

அந்தத் துண்டை அறுத்துவிட்டு, புது இணைப்பு போட்டு, தண்ணீர் ஏற்றினார்கள். அழுத்தமானியின் முள் இறங்கவில்லை, கசிவு நின்றிருந்தது. பாய்லர் மூச்சு விட்டது. குழியை இரண்டு நாள் கழித்துப் பூசலாமென்று பலகை போட்டு மூடி, தூசி துடைத்து முடித்தபோது மணி நாலு அடிக்கப் பத்து நிமிஷம். உள் அறைத் தரையில் வெதுவெதுப்பு ஏறிக்கொண்டிருந்தது.

வாசலில் துணிப் பொதி மாதிரி குழந்தை வந்தது. சங்யுன் அதை வாங்கி, தலைகால் புரியாமல் நேராக மான்ஹோவிடம் கொண்டுவந்தான். “மேஸ்திரி, பாருங்க. யார் ஜாடைன்னு சொல்லுங்க.”

மான்ஹோ குனிந்தார். அவர் கண் குழந்தையின் முகத்தைத் தேடி, போர்வையின் விளிம்பில் நின்றது.

“அப்பா ஜாடைதான்,” என்றார். “சந்தேகமே இல்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். ஓக்ரிம் உளிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காலையில் மலைப்பாதையில், உறைபனி மேல், வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவர் இவர்தானே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கீழே வந்ததும் அவள் நேராக ஓட்டுநர் கதவுப் பக்கம் போய் நின்று கையை நீட்டினாள்.

“நாளைக்குக் காலைல கண் ஆஸ்பத்திரி,” என்றாள்.

“நாளைக்கு ரெண்டு வீட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேனே.”

“வரலன்னு நான் சொல்லிக்கிறேன்.”

மான்ஹோ சட்டைப்பையில் துழாவிச் சாவியை எடுத்தார். கொடுக்க வந்த கை அவள் கையைத் தாண்டிப் போயிற்று. அவள் எட்டி அந்தக் கையைப் பிடித்து, சாவியை வாங்கிக்கொண்டாள். அவர் வண்டியின் பக்கவாட்டை உள்ளங்கையால் தடவிக்கொண்டே சுற்றிப்போய், அடுத்த கதவைத் தேடினார்.